முன் சீட்டு

பின்கதவைத்தான் திறந்துவிட்டான். அதுதான் கலைமணிக்கு ஆறவில்லை. 'வெயிலு ஏறுது, பாப்பாவக் கூட்டிட்டு இதுல உக்காந்திரு கலை, நானு அந்த வெள்ளை வண்டியப் பாத்துட்டு வந்தர்றேன்' என்று சொல்லிக்கொண்டே மெரூன் நிற வேனின் பின்கதவைச் சர்ரென்று தள்ளிவிட்டு, அவள் ஏறினாளா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான் பூபதி. கூடப் பிள்ளை இருக்கிறது, தள்ளுகதவு அகலமாகத் திறக்கும், ஏற வசதி, அதனால்தான் என்று அவளே அவனுக்காக ஒரு காரணம் சொல்லிப் பார்த்தாள். காரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் முன்கதவும் பக்கத்திலேயேதானே இருந்தது, அந்தக் கை ஏன் அங்கே போகவில்லை. நாலு வருஷமாக இந்த வண்டியை ஓட்டின கை. முன்சீட்டில் யார் உட்காருவார்கள், பின்னால் யார் என்று அந்தக் கைக்கு ஒரு பழக்கம் விழுந்திருக்கும். கைக்குப் பழகியதை மனசு சொல்லி மாற்ற முடியாது. அது அவளுக்குத் தெரியும், அவளும் கையால் பிழைக்கிறவள்தான், கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள், கண்ணை மூடிக்கொண்டாலும் கட்டைவிரல் தானாகத் தையலைத் தேடிக்கொண்டு போகும்.

வண்டிக்குள் அந்த வாசனை அப்படியே இருந்தது. எலுமிச்சைப் புல் தைலம், சின்னக் குப்பியில் கண்ணாடிக்கு முன்னால் தொங்குகிறது. குப்பி காலி, வாசனை மட்டும் போகவில்லை. நாலு வருஷமாக அவன் சட்டையோடு வீட்டுக்கு வந்த வாசனை. முதல் மாசம் துவைக்கிறபோது புதுச் சோப்பாக்கும் என்று நினைத்தாள், அப்புறம் கேட்டாள், 'மேடத்துக்கு வண்டி நாத்தம் ஆகாது, வாந்தி வரும், அதுக்குத்தான் தைலம், பின்னாடி உக்காந்தாலும் வாந்தி வரும், முன்னாடிதான் உக்காருவாங்க' என்று அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். மேடம் என்றால் சாருலதா மேடம், பல் டாக்டர், அவன் டிரைவர் வேலை பார்த்த வீட்டுக்காரி. புருஷன் வெளிநாட்டில். ரெண்டு பையன்கள், அவர்கள் பேர்கூட இந்த வண்டியின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, ஆதவ், நிலவ். ஏறும்போதே மிதுனா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, 'இது யாரு பேரும்மா, நம்ம வண்டின்னா என்ற பேருதான வேணும்' என்றாள். அஞ்சு வயசுக்குத் தெரிந்தது முப்பது வயசு ஆளுக்குத் தெரியவில்லை. கலைமணி மேடத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், தீபாவளிக்குத் துணி கொடுக்க வீட்டுக்கு வந்தபோது. உயரம். நல்ல உயரம். வாசல் நிலையில் குனிந்து வந்தாள். 'பூபதி சொல்லியிருக்கார், நீங்க நல்லா தைப்பீங்களாமே' என்றாள். கலைமணிக்குப் பதில் வாய்க்குள் வந்தது, வெளியே வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கேட்டது தையலைப் பற்றி, இவள் காதில் விழுந்தது 'சொல்லியிருக்கார்' மட்டும்தான். பெற்ற அம்மாகூட அவனை வாடா போடா என்பாள், வண்டி ஸ்டாண்டில் டேய் பூபதி, ரேஷன் கடையில் ஏப்பா. கட்டினவளைத் தவிர உலகத்தில் ஒரே ஒரு பொம்பளைதான் அவனை வாங்க போங்க என்று பேசினாள். அந்த வாங்க போங்கவைக் கேட்டுக் கேட்டு அவன் நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டான், சட்டையை இஸ்திரி போடக் கேட்கிறான், தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ் என்கிறான். வீட்டுக்காரிக்கு எதற்குத் தேங்க்ஸ். அந்த வார்த்தை அவளுக்காகச் செய்தது இல்லை, அங்கே மிச்சமானது. தப்பாக ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை, அது அவளுக்குத் தெரியும். தப்பு இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒன்றுமே இல்லாததற்கு யாரிடம் போய் என்ன சொல்வது. நாலு வருஷம், தினம் ரெண்டு வேளை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே ரோட்டைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அவள் அவனோடு பக்கத்தில் உட்கார்ந்து எந்த ரோட்டைப் பார்த்தாள்? பைக்கில் அவன் முதுகைப் பார்த்தாள்.

பைக் என்றதும் நெஞ்சுக்குள் அந்தப் புளியமரத்து வளைவு வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் வரும். போன ஐப்பசி, மழை விட்ட நேரம், ஒரே பைக்கில் நாலு பேர், முன்னால் டேங்க் மேல் மகன் கவின், நடுவில் மிதுனா, பின்னால் இவள். வளைவில் ஈர மண். வண்டி சாயும்போது ஒரு கையால் சேலையைப் பிடித்தாள், ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தாள், பிடித்த கை விட்டுவிட்டது. சேலையைப் பிடித்த கை விடவில்லை, பிள்ளையைப் பிடித்த கைதான். யாரும் அதைப் பார்க்கவில்லை, பூபதிக்கும் தெரியாது, அவளுக்கும் கைக்கும் மட்டும் தெரியும். மிதுனாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. இப்போதும் குளிர்ந்த நாளில் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பூபதி சொன்னான், 'எப்பிடியாச்சும் ஒரு வேன் எடுத்தர்றன் கலை, பழசா இருந்தாலும் செரி, இனி நாலு பேரு பைக்குல ஏறக்கூடாது.' அதற்குள் மேடம் புதுக் கார் வாங்கிவிட்டாள், கியர் போடவே வேண்டாத கார், இனி அவளே ஓட்டிக்கொள்வாளாம். வேலை போனது. அதனால் வேன் இப்போது வீட்டுக்கும் வேணும், பிழைப்புக்கும் வேணும். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது, பிள்ளைகளை ஏற்றி இறக்க எட்டு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறான். கையில் இருக்கிற பணத்துக்குப் பழைய வண்டி விற்கிற இந்தக் கன்சல்டிங்கில் தேறியது ரெண்டே ரெண்டு. வெள்ளை ஒன்று. மெரூன் ஒன்று. மெரூனைக் கொண்டுவந்து விட்டபோதே 'பூபதி கேட்டார்னா அவருக்கே குடுங்க' என்று மேடம் சொல்லிவிட்டுப் போனாளாம். கன்சல்டிங்காரர் செங்கோடன் காலையில் பல்லைக் காட்டிக்கொண்டு அதைச் சொன்னபோது பூபதியின் முகம் மலர்ந்த போக்கை அவள் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி இல்லை.

முன்சீட்டின் முதுகுதான் எதிரே. பழுப்பு வெள்ளை உறை, ஓரத்தில் இரட்டைக் கரை, சேலத்து வேலை, நல்ல வேலை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தையலோடு விரலை ஓட்டினாள். கிடைக்கவில்லை. மேலே தலை சாய்கிற இடத்தில் மட்டும் எண்ணெய் பட்டுக் கொஞ்சம் மங்கியிருந்தது. மேடத்தின் தலை. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது அந்த மங்கல், கலைமணி உட்கார்ந்தால் அவள் உச்சி அதற்கு எட்டாது. இந்த வண்டியை வாங்கினால் காலம் பூரா அந்த மங்கலுக்குக் கீழே உட்கார வேண்டும். அவன் ஒவ்வொரு கியரையும் மாற்றும்போது, இது இங்க கொஞ்சம் இழுக்கும், மேடம் சொல்வாங்க, அது அங்க சத்தம் வரும், மேடம் சொல்வாங்க. செல்போனில் ஃபோட்டோ காட்டுகிற மாதிரி நாலு வருஷத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே ஓட்டுவான். வேண்டாம். இந்த வண்டி வேண்டாம். நினைத்ததும் கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது. மிதுனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் பூபதி குனிந்து சக்கரத்துக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான், செங்கோடன் குடையைத் தன் தலைக்கு மட்டும் பிடித்தபடி, 'எஞ்சின் எல்லாம் கல்லாட்டம் இருக்குதுங், நீங்களே ஓட்டிப் பாத்துட்டீங், பெயிண்ட் இப்பத்தான் அடிச்சது, சீட்டு கவரு பாருங், பாலித்தீன்கூடப் பிரிக்கல' என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். புதுப் பெயிண்ட் நாற்றம், பிளாஸ்டிக் நாற்றம். யாருடைய வாசனையும் இல்லை. கல்யாணத்துக்கு வாங்கின பாத்திரம் மாதிரி, யாரும் பேர் வெட்டாத பாத்திரம் மாதிரி இருந்தது.

'ஏனுங் மாமா,' என்றாள். அவன் நிமிரவில்லை. 'மாமா, வெள்ளையவே எடுத்துக்கலாங்க.' சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அரிசியிலிருந்து பிள்ளைக்குப் பேர் வரைக்கும் எதிலும் இதுதான் வேணும் என்று அவள் சொன்னதில்லை. பூபதி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தான். 'மெரூன்ல என்ன கொறை? அதோட நட்டு போல்ட்டு வரைக்கும் எனக்குத் தெரியும் கலை. ஒரு நா நடுரோட்டுல நிறுத்துனதில்ல.' 'கலரு புடிக்கலைங்க.' 'கலரா?' அவன் சிரிக்கப் போனான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மெரூன் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தெரிந்துவிட்டதா? தெரியாமல் என்ன. 'செரி,' என்றான். 'நீ என்னிக்கு வாயத் தொறந்து கேட்டே. வெள்ளையே எடுத்துக்கலாம்.' செங்கோடன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, 'ஊட்டுக்காரம்மா சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது மாப்ள, எங்கூட்டுலயும் அப்பிடித்தான், நான் வெறும் டிரைவருதான்' என்று சொல்லிவிட்டு, ரசீதுப் புத்தகமும் எலுமிச்சம்பழமும் எடுத்து வர ஆபீஸ் அறைக்குப் போனார். கலைமணிக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. ஜெயித்தாகிவிட்டது. எப்போதோ ஆறாங்கிளாஸில் ஓட்டப் பந்தயத்தில் ஒருதடவை இப்படி இருந்தது, அதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள்.

மிதுனா அதற்குள் வெள்ளை வண்டியில் ஏறி நடுச்சீட்டில் குதித்துக்கொண்டிருந்தாள். 'அம்மா வா, இதுதான் என்ற எடம்.' கலைமணியும் ஏறி உட்கார்ந்தாள். பாலித்தீன் தொடையில் ஒட்டியது. கட்டைவிரல் வழக்கம்போலத் தையலைத் தேடிக்கொண்டு போயிற்று, சீட்டின் ஓரம், மடிப்பு, ஓரத்துப் பெல்ட். பெல்ட்டை இழுத்தாள். பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் இழுத்தாள். ஒரு முழம் வந்தது, ரெண்டு முழம் வந்தது, அதற்கு மேல் வரும்போது விரலில் ஏதோ தடித்தது. விரல் நின்றுவிட்டது. கண் அப்புறம்தான் போயிற்று. கறுப்புப் பட்டை, அதில் ஒரு சதுரம், சதுரத்துக்குள் பெருக்கல் குறி, முடிகிற மூலையில் மூணு தையல் பின்னோக்கி. நூல் கறுப்பு இல்லை. கருநீலம். வெளிச்சத்துக்குத் திருப்பினால்தான் தெரியும். அவளுக்குத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. கறுப்பு நூல்கண்டு தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், மாசி மாசம், குஷன் கடை அர்த்தநாரி அண்ணன் துணிக்கட்டோடு இதையும் சேர்த்துப் போட்டுவிட்டு, 'இந்தப் பட்டை அந்து போச்சு அம்மிணி, ஒட்டுப் போட்டுக் குடுத்துரு, அவசரம்' என்று போனார். எதன் பட்டை என்று அவள் கேட்கவில்லை. அவள் எதைத்தான் கேட்டாள். தோள்பைக்குப் பட்டை, பெட்டிக்குப் பட்டை, எத்தனையோ வரும். அறுந்த இடம் நைந்து அறுந்ததாக இல்லாமல் கத்தி வைத்து அறுத்த மாதிரி நேராக இருந்தது, அதனால் தைக்கச் சுலபம் என்று சந்தோஷம்கூடப் பட்டாள். ஒரு பக்கம் விறைத்துப்போய்க் கறை. சோப்புத் தண்ணீரில் போட்டாள், தண்ணீர் டீ மாதிரி ஆனது. டீக் கறை என்றே நினைத்தாள்.

யாரையோ வெளியே எடுக்க அறுத்திருக்கிறார்கள். யாரை என்று நினைக்கப் போன மனசு அங்கேயே நின்றது. இதே நடுச்சீட்டு. 'இதுதான் என்ற எடம்' என்று இன்னொரு பிள்ளை சொல்லியிருக்கும். புதுப் பெயிண்ட் எதன் மேல் அடித்தது, பிரிக்காத பாலித்தீனுக்குக் கீழே என்ன இருக்கிறது. இருந்தால் என்ன, வண்டி என்றால் அடிபடாதா, இதோ நன்றாகத்தானே நிற்கிறது, அவன் ஓட்டிப் பார்த்துச் சரி என்றானே. பெல்ட்தானே. வீட்டுக்குப் போய்க் கறுப்பு நூலால் நாலு வரிசை போட்டுத் தைத்துவிட்டால், அவள் தையல் லேசில் பிரியாது, ஊரே சொல்லும். பிரியாதா? உறைக்குப் பிரியாது. ஒரு பிள்ளையின் கனத்துக்கு, வளைவில், ஈர மண்ணில், பிரியாதா? இவள் கை பிரிந்ததே. இந்தத் தையலும் இவள் கைதானே, நீல நூலில். அப்படியென்றால் மெரூன்தானா. மேடம் சிபாரிசு பண்ணின வண்டி, அவள் தலை வைத்த சீட்டு. இப்போது வாயைத் திறந்தால் அவள் ஜெயிப்பாள், இங்கே இல்லாமலே, புதுக் காரில் எங்கேயோ போய்க்கொண்டே ஜெயிப்பாள். திறக்காவிட்டால் இவள் ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆயுசில் முதல்முறையாகக் கேட்டு வாங்கின ஒன்று. யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது, அவளுக்கும் கைக்கும் மட்டும் தெரியும், ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கிறது, இன்னொன்றைச் சேர்த்து வைத்துக்கொள்ள உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். பக்கத்தில் மிதுனா தோளைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். குளிரே இல்லை, வெயில்தான் அடிக்கிறது, பழக்கத்தில் செய்தாள்.

செங்கோடன் வந்துவிட்டார், ஒரு கையில் நாலு எலுமிச்சம்பழம், ஒரு கையில் ரசீதுப் புத்தகம். பூபதி சட்டைப்பையில் கை விட்டான். சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தீபாவளித் துணியை வாங்கிக்கொண்டு நின்றபோது ஒட்டினதே, அதே மாதிரி. அவள் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். நுனியை நீல நூலுக்குக் கீழே விட்டு நெம்பினாள். மூணு பின்தையல்தான் கஷ்டம், அதை எடுத்துவிட்டால் மற்றது ஓடி வந்துவிடும் என்று தைத்தவளுக்குத் தெரியும். டப், டப் என்று அறுந்தது. 'அம்மிணி, அம்மிணி, என்ன பண்றீங்! வண்டியக் கெடுக்கறீங்க!' செங்கோடன் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவள் நிமிரவில்லை. கடைசி நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். பெல்ட் ரெண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு அவள் மடியில் விழுந்தது, இன்னொன்று சுவருக்குள் சர்ரென்று ஓடி ஒளிந்துகொண்டது. 'இது நாந்தானுங்க தச்சேன்,' என்றாள். குரல் வெளியே வந்துவிட்டது. 'மாசி மாசம். அறுத்து எடுத்துட்டு வந்தாங்க மாமா. கத்தி வெச்சு அறுத்தது. பெல்ட்டுனே தெரியாமத் தச்சுட்டனுங்க.'

பூபதி துண்டை வாங்கிப் பார்த்தான். கதவுகளுக்கு நடுவில் இருந்த தூணில் ஒட்டியிருந்த ரப்பரைப் பிடித்து இழுத்தான், புதுப் பெயிண்டுக்குக் கீழே தகரம் கசக்கின காகிதத்தை நீவி விட்ட மாதிரி இருந்தது. 'ஏனுங் செங்கோடண்ணா,' என்றான், மெதுவாகத்தான் சொன்னான். 'என்ற புள்ளைங்கள ஏத்தறதுக்குன்னு சொல்லித்தானுங்க கேட்டேன்.' 'எனக்கென்ன தெரியும் மாப்ள, நான் வாங்கறப்பவே இப்பிடித்தான், ஏஜெண்டு ஒண்ணும் சொல்லல' என்று அவர் வெயிலில் குடையை விரிக்கவும் மறந்து நின்றார். 'இதை இனி எந்தக் குடும்பத்துக்கும் காட்டாதீங்க' என்றான் பூபதி. துண்டை அவர் கையில் கொடுக்கவில்லை, தன் பைக்குள் வைத்துக்கொண்டான். அப்புறம் அவளிடம், 'இன்னொரு எடத்துல பாக்கலாம் கலை. பத்து நாள் இருக்குது. கலரு புடிக்காததை எதுக்கு' என்றான். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் மிதுனாவின் கையைப் பிடித்து நேராக மெரூன் வண்டிக்கு நடந்தாள். பின்கதவைத் தள்ளினாள். நடுச்சீட்டுப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள், சுவருக்குள் சுருண்டிருப்பது தீர்கிற வரைக்கும், ஒவ்வொரு அங்குலமாக. ஒரு வெட்டு, ஒரு ஒட்டு, ஒரு கறை, ஏதாவது இருக்கட்டும். அடுத்த பெல்ட். அதற்கடுத்தது. கம்பெனித் தையல், பல் வரிசை மாதிரி சீராக. ஒரு நூல் விட்டிருக்கக் கூடாதா, அந்தப் பொம்பளை எதிலாவது ஒரு நூல் விட்டிருக்கக் கூடாதா. இல்லை. 'இதையே எடுத்துக்கலாங்க,' என்றாள், அவனைப் பார்க்காமல். 'நெசமாவா?' 'கண்ணாடில இருக்கற பேரச் சொரண்டிப்போடோணும்.' 'அது ஆச்சு.' 'அந்தக் குப்பியும்.' அவன் எட்டிக் குப்பியை அறுத்து எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

மிதுனா பின்னால் ஏறிக் கண்ணாடியில் இருந்த ஆவன்னாவை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள், கலைமணி அவளுக்குப் பெல்ட்டைப் பூட்டினாள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள், வெள்ளைக்கு என்று எடுத்து வந்த அதே பழங்கள். பூபதி ஓட்டுகிற பக்கம் போனான். அவள் சுற்றி வந்து முன்கதவின் பிடியைத் தானே இழுத்துத் திறந்து ஏறினாள். சீட்டு எங்கேயோ பின்னால் கிடந்தது, அவ்வளவு நீளக் கால்களுக்கு வைத்தது, அவள் கால் தரையில் முழுசாகப் பதியவில்லை. 'சீட்டுக்கு அடியில ஒரு கம்பி இருக்கும்' என்று பூபதி குனிந்தான். 'எனக்குத் தெரியும்' என்றாள். உறை தைக்கிறவளுக்குச் சீட்டின் வயிறு தெரியாதா. கம்பியைத் தூக்கி, பாதத்தை ஊன்றி இழுத்தாள், நாலு வருஷமாக அசையாத சீட்டு துருப்பிடித்த மாதிரி முரண்டு பிடித்து, அப்புறம் டக்கென்று முன்னால் வந்து நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு முழுசாகத் தெரிந்தது. பூபதி சாவியைத் திருகவில்லை. அவன் கை தோளுக்குப் போய்த் தடவியது. வீட்டில் பைக்கில் ஏறும்போதும் அப்படித்தான், உதைக்கிறதுக்கு முன்னால் கை தோளில் போய் எதையோ தேடும், அவள் சட்டை சரி பண்ணுகிறான் என்றே இத்தனை நாள் நினைத்தாள். இப்போது அந்தக் கை தேடினதைப் பிடித்து இழுத்து மாட்டியது. அவள் பக்கம் திரும்பி, 'மேடம்...' என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான். குப்பி போன வண்டிக்குள் அந்த வாசனை மட்டும் அவர்களுக்கு நடுவில் இருந்தது. 'சொல்லுங்,' என்றாள் கலைமணி. 'மேடம் என்ன சொல்லுவாங்க?' அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான், 'எல்லாரும் பெல்ட்டு போட்டாத்தான் வண்டிய எடுக்க உடுவாங்க.' அவள் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், அந்தப் பட்டையைப் பிடித்து, ஒட்டு இல்லாத, கறை இல்லாத பட்டையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, கோபமாகவே, பூட்டினாள்.